கோட்டை விடுதல்

சமையலறை மேசை விளிம்பில் இரண்டு கவ்விகள்,
அவற்றின் பிடியில் ஒரு பைன் பலகை.
அதன் ஜோடி நாற்காலியில் சாய்ந்திருக்கிறது.
அக்டோபரில் இரண்டும் ஒரு மீட்டர்.
இப்போது அறுபத்து மூன்று சென்டிமீட்டர்.
தோற்ற மூட்டை நுனியோடு அறுத்து
அடுப்பில் போடுகிறேன்.
பலகை குட்டையாகிறது, அறை கதகதப்பாகிறது.
"இப்படியே கற்றுக்கொண்டிரு,
விறகுச் செலவு மிச்சம்"
என்கிறாள் சைலா.

எங்கள் மொழியில் இந்த மூட்டுக்குச்
சால்மன்வால் என்று பெயர்.
வேறு நாடுகளில் புறாவால் என்கிறார்களாம்.
சொல்லட்டும். புறா எங்கும் வரும்.
சால்மன் இந்த ஆற்றில் ஏறுவதில்லை.
நடுவில் நாங்கள் இருக்கிறோம், அணையில்.
இரவுப்பணியில் என் முன்னே எட்டுத் திரைகள்:
நீர்மட்டம், மதகு, சுழலிகள்.
ஏழாவதில் மீன்களுக்கென்று கட்டிய படிக்கட்டு.
பச்சை நீர், குமிழ்கள்,
எப்போதாவது தவறி வந்த ஒரு கிளை.
வீடு திரும்பி, பலகையின் நுனியில்
நான்கு வால்கள் வரைகிறேன்.

நூலகப் புத்தகம் சொல்லும் விதி ஒன்றுதான்:
கழிவுப் பக்கம் அறு. கோட்டை விடு.
அறுத்த பிறகும் கோடு மரத்தில் இருக்க வேண்டும்,
கத்திமுனை அகலமாவது.
அக்டோபர் முழுக்கக் கோட்டை விட்டேன்,
இன்னொரு பொருளில்.

இடது முன்கையில் ஒரு திட்டு மொட்டையாகிவிட்டது.
உளி தீட்டியதும் கூர் பார்க்கும் இடம்.
"ஒவ்வாமையா?" என்று கேட்டாள் ஹில்க்கா, பணிமாற்றும் நேரத்தில்.
ஆமாம் என்றேன்.
விளக்கினால் ஒருமணி நேரமாகும்.

படிக்கட்டுச் சுவரில் ஒரு சீட்டு:
"மேலே மரங்கொத்தி வளர்ப்பவருக்கு,
அது தூங்குமா?"
கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை,
இந்த மரவீட்டில் நாங்கள் மேலே,
கீழே ஓஸ்மோ, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒன்பதுக்குமேல்
கொட்டாப்புளியைத் தொடுவதில்லை.
உளியின் பிடியைத் தோளில் முட்டுக்கொடுத்துத்
தள்ளுகிறேன். தாள் தடிமன் சீவல்.
மறுபடி தாள் தடிமன்.
அடித்துக்கொண்டிருந்தவரை தெரியாதது
அப்போது தெரிந்தது:
என் உளி எப்போதும் இடப்பக்கம் சாய்கிறது.
இத்தனை நாளும்
மரத்தைத் திட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பத்தொன்பதாவது மூட்டு.
பொருந்துகிறதா பார்க்கத்தான் செருகினேன்.
பாதி இறங்கியது, கிறீச்சென்றது, நின்றது.
இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.
ஓர் அடி போதும்.
மணி பத்தரை.

காலுறையோடு கீழே போய்
ஓஸ்மோவின் கதவைத் தட்டினேன்.
"ஓர் அடி அடிக்க வேண்டும்."
கம்பளிச் சட்டையை மாற்றிப் போட்டிருந்தார்,
தையல் வெளியே தெரிந்தது.
"ஒன்றா?"
"இரண்டாகவும் ஆகலாம்."
"எண்ணுவேன்" என்று கதவைச் சாத்தினார்.

மேலே வந்தேன். மூச்சைப் பிடித்தேன்.
ஒன்று.
இரண்டு.
கொஞ்சம் பாக்கி.
மூன்று.
நான்காவது கீழிருந்து வந்தது,
துடைப்பக்கட்டையால்,
என் பாதத்துக்கு நேர் கீழே.
குனிந்து பார்த்தேன், மூட்டு மூடியிருந்தது.
அது அவர் அடியில்தான் இறங்கியது என்று
சைலாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

காலையில் பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.
பசை இல்லை, ஆணி இல்லை,
ஆனாலும் வரவில்லை.
பெட்டிக்கு நான்கு மூலை வேண்டும்,
என்னிடம் இருப்பது ஒன்று,
மேற்கொண்டு அறுக்க விடாத ஒன்று.
மூன்றாவது வாலருகே
தாள் நுழையும் இடைவெளி இருக்கிறது.
கேட்டால் ஒழிய நான் காட்டுவதில்லை.
ஜன்னலடியில் அதை நிறுத்தி
மின்கட்டண ரசீதுகளைச் சாய்த்து வைத்திருக்கிறாள் சைலா.

நேற்று புதிதாக இரண்டு பலகைகள் வாங்கினேன்.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்: இருபது.
பிறகு பணிக்குப் போனேன்.
ஏழாவது திரையில் படிக்கட்டைப் பனி மூடியிருக்கிறது.
மே மாதம்வரை அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
பார்த்துக்கொண்டிருந்தேன்,
கட்டைவிரலில் ஏறிய சிராயை
நகத்தால் நெருடியபடி.